இருட்டினால் அணைந்து அணைந்து எரியும் கேமரா: 62 மீட்டருக்கு எந்த வயர்?

கேள்வி: மடுவத்தடி

இலங்கை மலையகத்தில் நோர்வுட் பக்கம் ஒரு சின்னத் தேயிலை பேக்டரிக்கு நாலு கண்காணிப்புக் கேமரா. லேபிளில் எல்லாம் 12 வோல்ட் பிளஸ் மைனஸ் 10 சதவீதம், 6 வாட் என்று போட்டிருக்கு. அனலாக் எச்டி வகை, படத்துக்கு ஆர்ஜி59 கோஆக்ஸ் கேபிள், கரண்டுக்குத் தனியாக இரண்டு கோர் வயர். படம் பதியும் டிவிஆரும் 12 வோல்ட் 5 அம்பியர் பவர் சப்ளையும் ஆபீஸ் அறையில்.

வயர் நீளம்: கேட் 18 மீட்டர், லொறி ஏற்றும் இடம் 35, விறகுக் கொட்டகை 62. நாலாவது, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, 140 மீட்டர். அதற்கு இன்னும் வயர் இழுக்கவில்லை.

18 மீட்டர் கேமராவில் குறை இல்லை. 35-ல் இருப்பது ராத்திரியில் மங்கல். 62-ல் இருப்பது ஆறரை மணிக்கு ஐஆர் (இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரிந்ததும் அணைந்து, திரும்ப வந்து, திரும்ப அணைகிறது, விடியும்வரை. மீட்டர் வைத்துப் பார்த்த கணக்கு: பவர் சப்ளையில் 12.1 வோல்ட். விறகுக் கொட்டகையில் பகலில் 10.7 வோல்ட், 0.2 அம்பியர். ராத்திரியில் மீட்டர் ஓர் இடத்தில் நிற்பதில்லை, 7-க்கும் 11-க்கும் நடுவே ஆடுகிறது. வயரின் ரோலில் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று இருக்கு.

10 அம்பியர் பவர் சப்ளை மாற்றினால் சரியாகுமா? இல்லை வயரை மாற்றணுமா? மடுவத்துக்கு எப்படி?

பதில் 1: டிக்கோயா வயர்மன்

அண்ணே, பெரிய பவர் சப்ளைக்குக் காசு போட வேண்டாம். நாலு கேமராவும் சேர்ந்து 24 வாட்தான், உங்களிடம் 60 வாட் இருக்கு. பவர் சப்ளையின் மூலையில் ஏடிஜே என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சிறிய ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி 13.2-க்கு ஏற்றுங்க. 10 சதவீதத்துக்குள்தான் நிற்கும், தூரத்துக் கேமராவுக்கும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

பதில் 2: ஓம் கணக்கு

பவர் சப்ளை மாற்ற வேண்டாம் என்பது சரி. ஆனால் திருகை ஏற்றியும் 62 மீட்டர் கேமரா நிற்காது. மடுவத்தடி கொடுத்த கணக்கிலேயே காரணம் இருக்கு.

பகலில் 12.1 போய் 10.7 வருகிறது. வழியில் 1.4 வோல்ட் போயிருக்கு. ஓடுவது 0.2 அம்பியர். 1.4-ஐ 0.2-ஆல் வகுத்தால் 7 ஓம், அதுதான் போக வர இரண்டு கோரும் சேர்ந்த தடை. உண்மையான 0.5 செம்பு ஒரு மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.069 ஓம். 62 மீட்டருக்கு 4.3 ஓம்தான் வரணும். உங்கள் வயர் 1.6 மடங்கு கூடக் காட்டுகிறது. செம்பு பூசிய அலுமினியம் காட்டும் கணக்கு இது, கடையில் சிசிஏ என்பார்கள்.

உறுதி செய்ய, ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்க. மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். இரண்டு மூன்று தரம் மடக்கினால் பட்டென்று ஒடியும். சம அளவு செம்புக் கம்பி அதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், கையில் எடுத்தாலே தெரியும்.

இனி ராத்திரிக் கணக்கு. கேமராவுக்குள் இருக்கும் ரெகுலேட்டர் வோல்ட் குறையக் குறைய அம்பியரைக் கூட்டி இழுக்கும், அதற்குத் தேவை 6 வாட். அம்பியர் கூடினால் வயரில் இன்னும் வோல்ட் விழும். ஒரு வயர் மறுமுனையில் அதிகபட்சம் கொடுக்கக்கூடிய வாட் என்று ஒன்று உண்டு: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, தடையின் நாலு மடங்கால் வகுக்கணும். 12.1 x 12.1 = 146. அதை 28-ஆல் வகுத்தால் 5.2 வாட். கேமரா கேட்பது 6. அதனால்தான் மீட்டர் நிற்கவில்லை: கேமரா விழுகிறது, ஐஆர் அணைகிறது, வோல்ட் ஏறுகிறது, திரும்ப எரிகிறது, திரும்ப விழுகிறது.

13.2-க்கு ஏற்றினால் 6.2 வாட் கிடைக்கும். கேட்பதும் கிடைப்பதும் விளிம்பில் முட்டிக்கொண்டு, கேமரா முனையில் 8 வோல்ட் சுற்றி நிற்கும். லேபிள் சொல்லும் குறைந்தபட்சம் 10.8. பக்கத்தில் இருக்கும் 18 மீட்டர் கேமராவோ பகல் முழுக்க 13 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேகும். குறை வயரில்தான் இருக்கு.

நல்ல செம்பில், பவர் சப்ளை 12.1-ல், ஐஆர் எரியும்போது இப்படி வரும்:
62 மீட்டர், 0.75 சதுர மிமீ: 10.5 வோல்ட். போதாது.
62 மீட்டர், 1.0: 10.9. மயிரிழையில் தப்பும், ஒரு ஜொயின்ட் துருப்பிடித்தால் போச்சு.
62 மீட்டர், 1.5: 11.3. இதைப் போடுங்க. கடையில் 7/0.53 என்று கேளுங்க, அதாவது 0.53 மிமீ இழை ஏழு.
35 மீட்டர், 0.75: 11.2. போதும், 24/0.20 வயர்.
18 மீட்டரில் இப்போ இருப்பது ராத்திரியில் 11 வோல்ட் கொடுக்கும். இருக்கட்டும், ஆனால் அதில் இன்னொரு கேமரா கோர்க்க வேண்டாம்.

வாங்கும்போது ரோலை அளந்து வாங்குங்க. முழு ரோலில் ஒரு முனையின் இரண்டு கோரையும் முறுக்கி, மறுமுனையில் ஓம் பாருங்க. மீட்டர் வயரின் சொந்தத் தடை 0.2, 0.3 ஓம் இருக்கும், அதைக் கழித்துவிடுங்க. 1.5 செம்பு 100 மீட்டர் இரண்டு கோர் 2.3 ஓம் காட்டணும். 3.5-க்கு மேல் காட்டினால் ரோல் கடையிலேயே இருக்கட்டும்.

பதில் 3: ஈரக்காத்து

ஓம் கணக்கோடு இன்னொன்றும் பார்க்கணும். நம்ம பக்கம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழையும் பனிமூட்டமும். எவ்வளவு நல்ல செம்பு போட்டாலும் கெடுவது ஜொயின்ட்தான்.

கேமராவின் கரண்டுப் பின்னை வெளியே தொங்கவிட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றி விடுகிறார்கள். அந்த டேப் தண்ணியைத் தடுக்காது, உள்ளே போன ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் அவிழ்த்தால் பின்னின் நடு ஊசி பச்சைப் பாசியாக இருக்கும். பிளஸ் கோரைப் பாருங்க, தோலுக்குள் இரண்டு விரல்கடை தூரம் கறுத்திருக்கும். நேர்மின் ஈரத்தில் பிளஸ் பக்கச் செம்பு கரைந்துகொண்டே போகும். அங்கே சேரும் ஓம் எந்த அட்டவணையிலும் இல்லை.

ஒவ்வொரு கேமராவுக்கும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் வைங்க, ஜொயின்ட் அதற்குள் இருக்கட்டும். வயர் அடிப்பக்கமாகத்தான் நுழையணும், வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போட்டு. பாக்ஸுக்கு வருமுன் வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்க, ஓடிவரும் தண்ணி அந்த வளைவில் சொட்டிப்போகும். பாக்ஸின் அடியில் 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று. பலர் அதையும் சிலிக்கன் வைத்து அடைக்கிறார்கள், செய்யக்கூடாது. காலையில் வெயில் பட்டு உள்ளே வேர்க்கிற தண்ணி அதில்தான் வெளியேறணும்.

7/0.53 வெறும் கோராக வந்தால் பைப்புக்குள் போடுங்க, வெயிலில் விட வேண்டாம். வெளியில் இழுப்பதென்றால் கறுப்புத் தோல் வயர். வெள்ளை பிவிசி வெடித்துவிடும். விறகுக் கொட்டகை என்றால் எலி இருக்கும், தரையிலிருந்து ஆளுயரம் வரை ஜிஐ பைப்.

சவுக்கு மரத்தில் வயரைக் கட்டாதீங்க. ஜூலைக் காற்றில் மரம் ஆடும்போது கோர் உள்ளேயே அறுந்து, தோல் முழுசாக இருக்கும். குறை கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

பதில் 4: ஓம் கணக்கு

மடுவம் 140 மீட்டர். 12 வோல்ட்டில் கொண்டுபோகப் பார்த்தால் 2.5 சதுர மிமீ, அதாவது 7/0.67 போட்டாலும் 11 வோல்ட்தான் வரும். செலவோ பெரிது. ஆபீஸில் தனியாக 24 வோல்ட் பவர் சப்ளை ஒன்று வைத்து, அதே 0.75 வயரில் அனுப்புங்க. மடுவத்தில் ராத்திரியில் 22 வோல்ட் வந்து சேரும். அங்கே பாக்ஸுக்குள் 24-ஐ 12 ஆக்கும் பக் கன்வர்ட்டர், ரெசின் ஊற்றி மூடியது, 3 அம்பியர். கன்வர்ட்டர் வெளியில் 12 தருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கேமராவை மாட்டுங்க. 24 நேராகப் போனால் கேமரா அந்த நொடியே முடிந்தது.

பதில் 5: ஈரக்காத்து

கணக்கு சரி. ஆனால் 140 மீட்டர் செம்பை வெட்டவெளியில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே இழுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும். பக்கத்து மேட்டில் விழுந்தாலே போதும், வயர் வழியாக டிவிஆர் வரை வரும். திடீரென்று ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் இரண்டு முனையிலும் போடலாம், ஆனால் மண்ணில் அடிக்கும் எர்த் ரொட் ஒழுங்காக இல்லாமல் போட்டால் அது வெறும் பெட்டி.

மடுவத்தில் பல்பு எரிகிறதா? எரிந்தால் அங்கேயே அடாப்டர். இந்த ஒரு கேமராவை மட்டும் நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராவாக எடுத்து, கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர் இழுங்க. இரண்டு பக்கமும், ஃபைபரை நெட்வொர்க் வயரோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர். அநேக எச்டி டிவிஆர் ஒன்றிரண்டு ஐபி கேமராவை ஏற்கும், மெனுவில் பாருங்க. கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. தாங்கிப் பிடிக்க உள்ளே இரும்புக் கம்பி வைக்காத ஃபைபராகக் கேட்டு வாங்கணும்.

பதில் 6: மடுவத்தடி

இழையைச் சுரண்டினேன், உள்ளே வெள்ளைதான். 62-க்கு 7/0.53, 35-க்கு 24/0.20 எடுக்கிறேன். மடுவத்தில் பல்பு இருக்கு, பேக்டரி போர்டிலிருந்தே போகிறது. ஃபைபருக்கு இந்த மாதம் காசு இல்லை. அங்கே அடாப்டர் வைத்து, படத்தை மட்டும் ஆர்ஜி59-ல் கொண்டுவந்தால்?

பதில் 7: டிக்கோயா வயர்மன்

ஓம் கணக்கு சொன்னது சரி, 13.2 யோசனையை விடுங்க அண்ணே.

ஆர்ஜி59 140 மீட்டர் படத்தைக் கொண்டுவரும், நடுக்கோர் செம்பாக இருக்கணும். ஆனால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கரண்டு எடுத்தால் படத்தில் கிடைக்கோடு மெதுவாக ஏறி இறங்கும். இரண்டு இடத்து எர்த்துக்கும் உள்ள வோல்ட் வித்தியாசத்தால் ஆர்ஜி59-இன் வெளிக் கம்பிப் பின்னல் வழியாகக் கரண்டு ஓடுவதுதான் அது. கேமராவை மடுவத்து இரும்புத் தூணில் நேராக முடுக்காமல், நடுவே ஒரு பலகையோ பிளாஸ்டிக் தட்டோ வைங்க. அப்படியும் கோடு வந்தால் டிவிஆர் முனையில் அந்த ஓட்டத்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர், உங்கள் கேமரா எச்டி வகைக்கு ஏற்றது என்று பார்த்து வாங்கணும். 230 வோல்ட் வயர் போகிற பைப்பில் ஆர்ஜி59-ஐ நுழைக்க வேண்டாம், ஒரு அடி தள்ளிப் போகட்டும். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் நேர்க்குறுக்காக வெட்டிப் போகணும்.

இடி வரும்போல் இருக்கிற பின்னேரங்களில், சத்தம் கேட்குமுன்பே அந்த ஒரு ஆர்ஜி59-ஐ டிவிஆரிலிருந்து கழற்றி வைங்க, ஃபைபர் போடும்வரை.