பழைய கார் ஸ்டீரியோவ புது வண்டில மாட்டுனேன், சாவி எடுத்தா எல்லாம் அழிஞ்சிருது – உதவி வேணும்

கோவை_பயணி: அவசரம் நண்பர்களே. வண்டி மாத்துனேன், பழைய வண்டில இருந்த ஆண்ட்ராய்டு செட்ட மட்டும் கழட்டி வச்சுக்கிட்டேன், போன வருஷம்தான் ஆசைப்பட்டு வாங்குனது, விட மனசில்ல. மாட்டியாச்சு, பாட்டு அருமையா கேக்குது, ஆனா சாவிய எடுத்துட்டு திரும்ப போட்டா கடிகாரம் தப்பா காட்டுது, சவுண்டு செட்டிங் எல்லாம் பழையபடி ஆயிருது, லோகோ வந்து ஓப்பன் ஆகவே ஒரு நிமிஷம் ஆகுது. செட் போச்சா? நாளைக்கு காலைல ஊருக்கு கிளம்பணும்.

ராஜபாட்டை: என்ன வண்டி ப்ரோ? எந்த வருஷம்?

மதுர_மச்சான்: பேட்டரி வீக்கா இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் இறங்கி செட் ஆஃப் ஆயிரும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, புது பேட்டரி போட்டதும் சரி.

ராஜபாட்டை: செல்ஃப் அடிக்காம சாவிய மட்டும் திருப்புனாலும் அழியுதான்னு அவர் சொல்லட்டும். கடைல மாட்டுனீங்களா, நீங்களேவா? கப்ளர் (வயர வெட்டாம வண்டியையும் செட்டையும் சேக்குற பிளக்) போட்டீங்களா, வயர வெட்டுனீங்களா?

சீனியர்_வயரிங்: இது நூறு தடவ பேசுன விஷயம். தேடிப் பாத்துட்டு கேக்கலாம்ல. வண்டி பேரு கூட போடாம உதவி கேட்டா யாரு என்ன சொல்றது?

கோவை_பயணி: சாரி அண்ணே. பழசு ஆல்டோ, இப்ப எடுத்தது செகண்ட் ஹேண்ட் வோக்ஸ்வாகன் போலோ. கப்ளர் வாங்கி நானே மாட்டுனேன், எதையும் வெட்டல. செல்ஃப் அடிக்காமலும் அழியுது.

மதுர_மச்சான்: அப்ப ஈஸியா சொல்றேன், செட்டோட மஞ்சள், சிவப்பு வயர் ரெண்டையும் ஒண்ணா முறுக்கி பேட்டரி லைன்ல குடுத்துருங்க. மறக்கவே மறக்காது.

ராஜபாட்டை: தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க! சாவி எடுத்தாலும் செட் ஓடிக்கிட்டே இருக்கும், ரெண்டு நாள் வண்டிய எடுக்கலன்னா பேட்டரி படுத்துரும்.

சீனியர்_வயரிங்: போலோன்னு முதல்லயே சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். செட்டுல மஞ்சள் எப்பவும் கரண்டு இருக்க வேண்டிய லைன், நினைவு அதுலதான் நிக்கும். சிவப்பு சாவி போட்டா மட்டும் வர்றது. வோக்ஸ்வாகன், ஸ்கோடால பல மாடல்ல இந்த ரெண்டும் இடம் மாறி இருக்கும். வோல்ட் அளக்குற மல்டிமீட்டர எடுங்க, கருப்பு முனைய வண்டியோட இரும்பு பாடில வச்சு, சாவி இல்லாம வண்டில இருந்து வர்ற ரெண்டு லைனையும் பாருங்க. எதுல 12 வோல்ட் நிக்குதோ அதுதான் செட்டோட மஞ்சளுக்குப் போகணும். நெறைய கப்ளர்ல மஞ்சள், சிவப்பு வயர் நடுவுல குட்டி பிளக் இருக்கும், இழுத்தா கழண்டு வரும், குறுக்கா மாத்தி சொருகலாம். அது இல்லாட்டி வயர வெட்டி மாத்தி சேத்து, ஈயத்தால பத்து வைங்க (சால்டரிங்).

டெல்டா_மெக்கானிக்: அண்ணே வண்டில பத்து வைக்கிறது வேணாம். ஈயம் வயருக்குள்ள ஏறி இறுகி, குலுங்கக் குலுங்க ஓரத்துல ஒடிஞ்சிரும். கிரிம்ப் பண்ணி (உலோகக் குழாய்க்குள்ள வயர விட்டு நசுக்கி) மேல ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடு பட்டா சுருங்கி இறுகுற உறை) போடுங்க.

சீனியர்_வயரிங்: இருபது வருஷமா பத்துதான் வைக்கிறேன், ஒண்ணும் ஒடியல.

டெல்டா_மெக்கானிக்: உங்க கை சுத்தம்ணே, ஒத்துக்கறேன். ஆனா பத்து வச்சிட்டு வெறும் இன்சுலேஷன் டேப் சுத்துற ஆளுங்கதான் அதிகம், வெயில்ல பசை இளகி டேப் கழண்டு வயர் பாடில உரசுறத நான் வாரா வாரம் பாக்கறேன்.

ராஜபாட்டை: ரெண்டு பேரும் அப்புறம் பேசுங்க, அவர் நாளைக்கு ஊருக்குப் போகணும். கோவை, மீட்டர்ல பாத்து முடிச்சதும், வயர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸ கழட்டிருங்க.

கோவை_பயணி: சிவப்புல சாவி இல்லாமலே 12.4 காட்டுச்சு, மஞ்சள்ல ஒண்ணுமில்ல. பிளக் இருந்துச்சு, மாத்தி சொருகிட்டேன். சரியாயிருச்சு! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எஃப்எம் மட்டும் கொரகொரங்குது, ஆல்டோல இதே செட் நல்லா எடுத்துச்சு.

சீனியர்_வயரிங்: போலோ ஆன்டெனாவுக்கு கேபிள் வழியாவே 12 வோல்ட் போகணும், வெளில வாங்கி மாட்டுன செட் அத அனுப்பாது. ஆன்டெனா கேபிள செட்டுல சேக்குற அடாப்டர்ல ஒரு சின்ன வயர் தனியா தொங்குதா பாருங்க, அத செட்டோட நீல வயர்ல சேருங்க.

ராஜபாட்டை: கோவை, அந்த வயர் இருந்துச்சா?

ராஜபாட்டை: ஊருக்குப் போய்ச் சேந்தாச்சா ப்ரோ? எஃப்எம் என்னாச்சு?