ஒரே மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள்: அறிவியலுக்கு எது, லிபரல் ஆர்ட்ஸுக்கு எது?

அமெரிக்காவுக்கு வந்து வீடு பிடித்து, கார் வாங்கி, மூச்சு விடுவதற்குள் மூத்த பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பக் காலம் வந்துவிடும் குடும்பங்கள் நம்மில் பல. அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்கள் மாநிலத்தில் இரண்டு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மகளுக்கு அறிவியலும் பிடிக்கிறது, வரலாறும் தத்துவமும் பிடிக்கின்றன. எதில் சேர்ப்பது?" நான் மிச்சிகனில் வசிப்பவன். என் மகள் இதே கேள்வியோடு நின்றபோது நாங்கள் இந்நாட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நான் நினைப்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். லிபரல் ஆர்ட்ஸ் என்பது மொழி, வரலாறு, சமூக அறிவியல், அடிப்படை அறிவியல் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் பரந்த கல்வி. அதை நம்மில் பலர் அறிவியலுக்கு எதிரான ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கே இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கும் பெரும்பாலும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்குள்ளேயே இருக்கின்றன. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிப்பவரும் தத்துவம் படிப்பவரும் எல்எஸ்ஏ என்று சுருக்கி அழைக்கப்படும் "இலக்கியம், அறிவியல், கலைகள்" கல்லூரியின் மாணவர்களே. எனவே "சயின்ஸா, ஆர்ட்ஸா" என்று பிள்ளையை இப்போதே முடிவு செய்யச் சொல்லி நெருக்க வேண்டியதில்லை. அந்த முடிவை எப்போது எடுக்க வேண்டியிருக்கும், எடுத்த பின் மாற்றிக்கொள்ள முடியுமா என்பதில்தான் பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

ஒரே மாநிலத்தில் ஏன் இரண்டு போட்டிப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதும் பயன்படும். 1862ஆம் ஆண்டில் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம், வேளாண்மையையும் இயந்திரத் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நிலம் ஒதுக்கியது. ஏற்கெனவே சட்டம், மருத்துவம், இலக்கியம் கற்பித்துவந்த பழைய பல்கலைக்கழகம் ஓரிடத்தில் இருக்க, இந்த நிலக்கொடைக் கல்லூரி பல மாநிலங்களில் வேறோர் ஊரில் வளர்ந்தது. மிச்சிகனில் 1817இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் ஆன் ஆர்பரில் இருக்கிறது. 1855இல் வேளாண் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் அந்த நிலக்கொடையைப் பெற்ற மிச்சிகன் ஸ்டேட் ஈஸ்ட் லான்சிங்கில் இருக்கிறது. இந்தியானாவில் புளூமிங்டனில் உள்ள இந்தியானா பல்கலைக்கழகமும் பர்டூ பல்கலைக்கழகமும், வட கரோலினாவில் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் ராலேயில் உள்ள வட கரோலினா ஸ்டேட்டும் இதே வகையான இணைகள்.

இந்த வரலாற்றிலிருந்து "பழையது கலைகளுக்கு, ஸ்டேட் என்று முடிவது அறிவியலுக்கு" என்று ஒரு வாய்பாடு செய்துகொள்பவர்கள் உண்டு. "பழையதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது" என்று சொல்பவர்கள் அதைவிட அதிகம். இரண்டுமே பிள்ளைகளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். தரவரிசையில் ஆன் ஆர்பர் முன்னால் நிற்பது உண்மை. ஆனால் அணுக்கரு இயற்பியலில் ஆர்வமுள்ள மாணவருக்கு, 2022இல் திறக்கப்பட்ட அரிய ஐசோடோப்புக் கற்றை ஆய்வகம் ஈஸ்ட் லான்சிங் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் அந்த ஆய்வகத்துக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆய்வாளர்கள் வருகிறார்கள். புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் மருந்தின் விளைவு 1960களில் முதலில் கண்டறியப்பட்டதும் அதே வளாகத்தில்தான். மறுபுறம், சமூகவியல், உளவியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றைத் தரவுகளின் துணையோடு படிக்க விரும்புபவருக்கு, 1949 முதல் இயங்கிவரும் சமூக ஆய்வு நிறுவனம் ஆன் ஆர்பரில் இருப்பது சிறிய விஷயமன்று. ஆகவே, பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் துறையைப் பாருங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

துறையைப் பார்ப்பது என்றால், விளம்பரக் காணொளியையோ வளாகச் சுற்றுலாவையோ நான் சொல்லவில்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களின் பாட அட்டவணையை இணையத்தில் யாரும் பார்க்கலாம். வரும் பருவத்தில் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பாடங்கள் எத்தனை நடத்தப்படுகின்றன, ஒவ்வொன்றிலும் எத்தனை இடங்கள், கட்டாய ஆய்வகப் பாடம் இரண்டு பருவத்திலும் உண்டா, ஆண்டுக்கு ஒருமுறைதானா என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். முதலாண்டு வேதியியலுக்கு எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் பல நூறு பேர் ஒரே அரங்கில் அமர்வார்கள். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் 20 பேர் கொண்ட வகுப்பில் பேராசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அழைப்பாரா என்பதுதான் பின்னாளில் பரிந்துரைக் கடிதத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது, உள்ளே சென்றபின் மேஜரை, அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடத்தை, மாற்றும் வழி. இதைப் புதிதாக வந்த பெற்றோர் கேட்பதே இல்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சேரும் மாணவர் பொதுவாக இரண்டாம் ஆண்டு முடிவுக்குள் மேஜரை அறிவித்தால் போதும். ஆனால் கணினி அறிவியல் போன்று கூட்டம் மிகுந்த பாடங்களுக்குப் பல இடங்களில் தனி விண்ணப்பம் வைத்துவிட்டார்கள்; கலிபோர்னியாவின் பெர்க்லி, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன், ஆன் ஆர்பர் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் அந்நிலைதான். "முதலில் உயிரியலில் சேர்ந்துவிட்டுப் பிறகு கணினிக்கு மாறிக்கொள்ளலாம்" என்ற பழைய அறிவுரையை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் மனமுடைந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பிள்ளை விரும்பக்கூடிய இரண்டு மூன்று மேஜர்களை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து நுழைய என்ன நிபந்தனை என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அறிவியல், கலைப்பாடங்கள் இரண்டையும் விட மனமில்லாத பிள்ளைகளுக்கு, பெரிய பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கும் சிறிய கல்லூரிகள் ஒரு நல்ல வழி. மிச்சிகன் ஸ்டேட்டில் 1967இல் தொடங்கிய லைமன் பிரிக்ஸ் கல்லூரியில் அறிவியல் மாணவர்கள் தம் மேஜரோடு அறிவியலின் வரலாறு, தத்துவம், சமூகவியல் ஆகியவற்றையும் கட்டாயமாகப் படிக்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலையும் மொழியியலையும் இணைத்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். என் மகள் உயிரியலோடு அறிவியல் வரலாற்றையும் படிக்க விரும்பி லைமன் பிரிக்ஸைத் தேர்ந்தெடுத்தாள். தரவரிசையில் முன்னால் இருந்த இடத்தை விட்டுவிட்டோமே என்று உறவினர்கள் கேட்டபோது எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. முதலாண்டு முடிவில், தான் எழுதிய கட்டுரையைப் பற்றி அவள் ஒரு மணி நேரம் பேசியதைக் கேட்டபின் அக்கலக்கம் போய்விட்டது.

மொழி, வரலாறு, தத்துவம் போன்ற கலைப்பாடங்களை மட்டும் நாடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டிய காலம் இது. அரசுப் பல்கலைக்கழகம் மாநிலச் சட்டமன்றத்துக்குக் கட்டுப்பட்டது. இந்தியானாவில் 2025இல் வந்த சட்டம், இளநிலைப் பட்டப் பிரிவு ஒவ்வொன்றிலும் மூன்றாண்டுச் சராசரியாக 15 பேராவது பட்டம் பெற வேண்டும் என்று வரம்பு வைத்ததால், மொழிகள் உட்படப் பல சிறிய பிரிவுகள் மூடப்பட்டன அல்லது பிறவற்றோடு இணைக்கப்பட்டன. மேற்கு வர்ஜீனியாவில் 2023இல் அரசுப் பல்கலைக்கழகமே தன் மொழிப் பிரிவுகளைப் பெரிதும் குறைத்தது. சேரப்போகும் துறையில் புதிய பேராசிரியர்களை அமர்த்துகிறார்களா, ஓய்வுபெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படுகின்றனவா என்று துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் தவறே இல்லை.

இனி, நம் குடும்பங்களுக்கே உரிய விசாச் சிக்கல். தரவரிசையைவிட இதுதான் பல வீடுகளில் முடிவைத் தீர்மானிக்கிறது. மாநிலவாசிகளுக்கான கட்டணத்துக்கும் வெளியாருக்கான கட்டணத்துக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. பர்டூ 2013 முதல் கட்டணத்தை உயர்த்தாததால் இந்தியானாவாசிகளுக்கு அது ஆண்டுக்கு 10,000 டாலருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கிறது. வெளி மாநிலத்தவருக்கு அது ஏறத்தாழ மூன்று மடங்கு. மாநிலவாசி என்று கருதப்படப் பல மாநிலங்களில் பருவம் தொடங்கும் முன் 12 மாதங்கள் வசித்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 366 நாட்கள். எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) உள்ள பிள்ளைகளும் பல மாநிலங்களில் இத்தகுதியைப் பெறலாம். ஆனால் 21 வயது நிறைந்ததும் அவர்கள் எச்-4இல் தொடர முடியாது. கிரீன் கார்டு வராவிட்டால் பெரும்பாலும் எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். அது மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் வரும். அப்போதும் மாநிலவாசிக் கட்டணம் தொடருமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதால், இரண்டு பல்கலைக்கழகங்களின் குடியிருப்புத் தகுதி அலுவலகங்களிடமும் இதை எழுத்தில் கேட்டுப் பதிலைப் பாதுகாத்து வையுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை நம்பி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

அறிவியல் மாணவர்களுக்கு ஆராய்ச்சி வாய்ப்பிலும் இந்த விசா வேறுபாடு தெரியும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் நடக்கும் கோடைக்கால இளநிலை ஆராய்ச்சித் திட்டங்களில் உதவித்தொகை பெற, குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். எச்-4இல் உள்ளவர் சம்பளத்துக்கு ஆய்வகத்தில் வேலை செய்யவும் இயலாது. ஆகவே, சம்பளத்துக்கு அன்றி, பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாடக் கிரெடிட்டுக்காக ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ள பல்கலைக்கழகம் நம் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யுரோப் (UROP) எனப்படும் இளநிலை ஆராய்ச்சி வாய்ப்புத் திட்டம் முதலாண்டிலிருந்தே அவ்வாய்ப்பைத் தருகிறது.

எஃப்-1 மாணவர் பட்டத்துக்குப்பின் ஓபிடி எனப்படும் பயிற்சிப் பணி அனுமதியில் 12 மாதங்கள் வேலை செய்யலாம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டமாக இருந்தால் மேலும் 24 மாதங்கள் கிடைக்கும் என்பது இப்போதுள்ள விதி. எது ஸ்டெம் என்பதைப் பட்டத்தின் பெயர் தீர்மானிப்பதில்லை; அப்பட்டத்துக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் சிஐபி குறியீடுதான் (பாடப் பிரிவுகளை வகைப்படுத்தும் எண்) தீர்மானிக்கிறது. பொருளாதாரத்தை ஒரு பல்கலைக்கழகம் பொதுப் பொருளாதாரம் என்றும், இன்னொன்று கணிய முறைப் பொருளாதாரம் என்றும் பதிந்திருந்தால், முன்னதற்கு 12 மாதங்கள், பின்னதற்கு 36 மாதங்கள். லிபரல் ஆர்ட்ஸ் பட்டம் என்றாலே வேலைக்கு வழியில்லை என்று அஞ்சுபவர்கள் இந்தக் குறியீட்டைப் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் மதிப்பெண் விவரம் மாணவருக்கே உரியது; அவர் சம்மதமின்றி நமக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கல்லூரி அட்வைசரைச் சந்திப்பதும் மேஜரை அறிவிப்பதும் பிள்ளையேதான். எனவே மேலே சொன்ன மின்னஞ்சல்களை இப்போதே பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் சேர்க்கையை உறுதிசெய்ய மே 1 கடைசி நாள் என்பதால், பதில்கள் ஏப்ரல் நடுவுக்குள் கைக்கு வந்துவிடும்படி தொடங்குவது நல்லது.