புதுப்பிப்பு: பேனலில் கருகிய டெர்மினல், காரணம் தெரிந்தது

எங்கள் பம்ப் செட் பேனலில் ஒரே ஒரு டெர்மினல் (வயரைத் திருகால் இறுக்கும் இணைப்புக் கட்டை) மட்டும் சூடேறிப் பழுப்பு நிறமாகிவிட்டதைச் சென்ற மாதம் இங்கே எழுதி, டெர்மினலின் தரம்தான் குறையா என்று கேட்டிருந்தேன். தரத்தில் குறையில்லை, தவறு என்னுடையது.

மெயினை அணைத்து வயரை உருவிப் பார்த்தபோது, இழைகள் பிரியாமலிருக்க முனையில் நான் உருக்கி வைத்த சால்டர் (பற்றாசு), திருகின் அழுத்தத்தில் தகடுபோல் நசுங்கியிருந்தது. சால்டர் மென்மையானது என்பதால் அழுத்தத்தில் நாளடைவில் விலகிக்கொடுக்கிறது. பிடி தளர்ந்ததும் தொடுமிடத்தில் மின்தடை கூடி, சூடு ஏறுகிறது. அந்த முனையை வெட்டிவிட்டு, 2.5 சதுர மி.மீ. வயருக்குரிய ஃபெரூலை (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாய்) மாட்டி, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, புது டெர்மினலில் இறுக்கினேன்.

கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. டெர்மினல்களை மாட்டும் உலோகப் பட்டையான 35 மி.மீ. டின் (DIN) ரெயிலில், வரிசை நகராமல் பிடிக்கும் எண்டு கிளாம்ப் இரு ஓரத்திலும் இல்லாததால், மோட்டார் அதிர்வில் வரிசையே விரற்கடை அளவு நகர்ந்து வயர்களை இழுத்துக்கொண்டிருந்தது. (கடைக்காரர் அப்போதே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.) இப்போது இரு ஓரத்திலும் கிளாம்ப் மாட்டியாயிற்று. பத்து நாளாகப் பம்ப் ஓடுகிறது. நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த உடனே தொட்டுப் பார்த்தாலும் அந்த டெர்மினல் பக்கத்தில் இருப்பவற்றைப் போலவே இருக்கிறது.