கலைச்சொல்: நன்னீரும் இல்லை, கடல்நீரும் இல்லை. மீன் தொட்டிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

வலிகாமத்திலிருந்து, ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் விஞ்ஞான அறையில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அதில் மூன்று புள்ளிப் பேத்தைகள் இருந்தன. தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: பிரக்கிஷ் வாட்டர், அதாவது நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்ட உப்புள்ள நீர்.

முதற்படியில் உவர்நீர் என்று எழுதியிருந்தேன். உவர்ப்பு என்றால் உப்பு என்று ஆறு சுவையில் படித்த பிள்ளை ஒருத்தி, சமையல் உப்புப் பைக்கற்றை உடைத்துக் கை கையாய் அள்ளிப் போட்டுவிட்டாள். இடைவேளைக்கு நான் போய்ப் பார்க்க, மணலின் மேல் உப்பு வெள்ளையாய்க் கிடந்தது. மீன்களின் வெள்ளை வயிறு சாம்பலாகி, மூன்றும் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன. தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. அவளில் பிழை சொல்ல மாட்டேன். சொல் என்னுடையது.

கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். நாங்கள் இந்தத் தொட்டிக்குப் போடுவது 9 கிராம். அதுவும் கடல் உப்புக் கலவை. சமையல் உப்பில் கல்சியமும் காபனேற்றும் கிடையாது. இந்த இடைநிலை, சொல்லிலேயே தெரிய வேண்டும்.

சென்னையிலிருந்து

இங்கே மீன்வளத் துறையில் எல்லோரும் உவர்நீர் என்றே எழுதுகிறோம். உவர்நீர் இறால் வளர்ப்பு என்றால் கடலோர விவசாயிக்கும் புரியும். ஊன்றிவிட்ட சொல்லை ஒரு தொட்டிக்காக மாற்ற வேண்டுமா? பக்கத்தில் அளவை எழுதுங்கள், போதும்.

நல்லூரிலிருந்து, பண்டிதர் ஐயா

பிள்ளை, சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. கழி. நெய்தல் திணை முழுக்க இருங்கழிதானே! கடலும் நிலமும் கலக்கும் நீர் அதுவே. கழிநீர் என்று எழுதுங்கள். இருநீர் என்று யாரும் புதிதாகப் புனைய வரவேண்டாம். ‘இரு’ பெருமையையும் கருமையையும் குறிக்கும். இருநீர் என்றால் பெரிய நீர், கடலுக்கே போய்விடும். கடலைக் குறிக்கும் முந்நீர் என்ற சொல்லுக்கே ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் என்று ஒரு விளக்கம். படைத்தல், காத்தல், அழித்தல் என்று இன்னொன்று. நான் முதலாவதன் பக்கம்தான், அதை வேறொரு மடலில் விரிவாக எழுதுகிறேன்.

வலிகாமத்திலிருந்து, ஆசிரியை

ஐயா, கழிநீர் அழகான சொல். ஆனால் இன்றைக்கு அதைக் கேட்டால் பிள்ளைகளுக்குக் கழிவுநீர்தான் நினைவுக்கு வரும். மீன் வாழும் நீருக்கு அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

குருநகரிலிருந்து

அப்படியென்றால் களப்புநீர் என்று சொல்லலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். களப்பு என்றால் கடலோடு சேர்ந்த ஏரி, கடனீரேரி. பிறகு நானே கைவிட்டேன். எங்கள் கடனீரேரிக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் வந்து விழும். மாரியில் ஏரித்தண்ணீரின் உப்பு இறங்கும். ஆனால் ஆடி வெயிலில் ஒடுங்கிய இடங்களில் தண்ணீர் வற்றி, கடலைவிட உப்பு ஏறிவிடும். ஆக, இடத்தின் பெயரை நீருக்கு வைத்தால் வருடத்தில் பாதி நாள் பொய்யாகும்.

கடனீரேரி என்ற சொல்லையும் பாருங்கள். கடல் + நீர் + ஏரி. லகரத்துக்குப் பின் வந்த நகரம் னகரமாகி, லகரம் கெட்டுக் கடனீர் ஆனது. இலக்கணம் சரிதான். ஆனால் அதைக் ‘கடன்’ என்று பிரித்து வாசித்த பெரியவர்களையே எனக்குத் தெரியும். புதுச் சொல்லைப் புணர்ச்சிக்குள் ஒளிக்காதீர்கள்.

என் முன்மொழிவு: சவர்நீர். கடலும் இல்லாமல் நல்ல தண்ணீரும் இல்லாமல் இருக்கிற கிணற்றை நாங்கள் சவர்க் கிணறு என்றுதானே சொல்கிறோம்? சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிற ஊர் இது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ளது ஏறிவரும். அந்த இடைச்சுவைக்கு நாக்கில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது.

நல்லூரிலிருந்து, பண்டிதர் ஐயா

சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்று உயிரோடு மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம். சவர் கொச்சை. உவர் செம்மை.

சென்னையிலிருந்து

ஐயா, அப்படியானால் சட்டி, சங்கு, சண்டை எல்லாவற்றையும் விட வேண்டும். உரையாசிரியர்களே சட்டி, சமழ்ப்பு போன்றவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். மேலும் உவரும் சவரும் ஒரே வேர். சிப்பி இப்பி ஆனதுபோல, சிறகு இறகு ஆனதுபோல, முதற் சகரம் தேய்ந்ததுதான் உவர். கன்னடத்தில் சவளு, தெலுங்கில் சவுடு என்று சகரம் இன்னும் நிற்கிறது. பழைய வடிவம் உங்கள் ஊர்க் கிணற்றடியில் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்.

மானிப்பாயிலிருந்து

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் எங்கள் ஊரில்தான் இருந்தார். 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயர் வைத்தார்கள். அந்தச் சொல் நிற்கவில்லை, ஆனால் படித்தவர்கள் வைத்தியர் ஆனார்கள். இப்போது தேவையென்றால் பிரக்கிஷ் என்றே அச்சிடலாம்.

வலிகாமத்திலிருந்து, ஆசிரியை

இன்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பிரக்கிஷ் என்றதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. சவர்நீர் என்றதும், தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒருவன், “எங்கட கிணத்துத் தண்ணி மாதிரியா ரீச்சர்?” என்றான். எனக்கு அது போதும்.

சவர்நீர் என்றே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். முதல் தடவை வருமிடத்தில் உவர்நீரும் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ‘லீற்றருக்கு 9 கிராம்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். நீரின் அடர்த்தியைத் தூய நீரோடு ஒப்பிட்டுச் சொல்லும் தன்னீர்ப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பாதிப் பேர் தண்ணீர்ப்பு என்று வாசிக்கிறார்கள். ‘நீரமானியில் 1.005 கோடு’ என்று மட்டும் இருக்கிறது. நீர் ஆவியாகிக் குறைந்தால் நன்னீர் மட்டும் விட வேண்டும், உப்பு போவதில்லை என்பதையும் சேர்த்தேன். பல் வளர்ந்து வாய் மூடாமல் போகாதிருக்க, ஓட்டோடு நத்தை கொடுக்க வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில்.

நல்லூரிலிருந்து, பண்டிதர் ஐயா

அச்சுக்குப் போனது போகட்டும், பிள்ளை. மீன் பிழைத்தால் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் சவர் என்பதிலும் அளவு இல்லையே. உவருக்கு நீங்கள் சொன்ன குறை அதற்கும் உண்டு. கழியை நான் விடவில்லை. கையேட்டின் அடுத்த பதிப்புக்கு முன் எழுதுகிறேன். முந்நீர் மடலும் பாதி எழுதியாயிற்று.