7 யார்டில் குண்டு கீழே இடது பக்கம் போகிறது, வேகமாகச் சுட்டால் சிதறுகிறது. எப்படிப் பழகுவது?

மழைக்காலம் (கேட்டி, டெக்சஸ்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். அவர் இல்லாத நாட்களில் நானும் பன்னிரண்டு வயது மகளும் மட்டும்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆள் இருக்கும்போதே பின்கதவை உடைத்துவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். கிரீன் கார்டு இருக்கிறது, எல்டிசி (டெக்சஸில் கைத்துப்பாக்கியோடு வெளியே போக வாங்கும் லைசென்ஸ்) தேர்வும் முடித்தாகிவிட்டது.

தேர்வில் நல்ல மதிப்பெண்தான், ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 7 யார்டில் நிதானமாகச் சுட்டால் குண்டுகள் எல்லாம் ஒரே கூட்டமாகக் கீழே இடது பக்கம் விழுகின்றன (நான் வலது கை). கொஞ்சம் வேகம் கூட்டினால் தாள் முழுக்கச் சிதறிவிடுகிறது. வயது 47, புரோகிரசிவ் கண்ணாடி (மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கிட்டத்துக்கு). முன் சைட் (குழல் முனையில் இருக்கும் குறிமுள்) தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் கோழி மாதிரி தலையைத் தூக்க வேண்டியிருக்கிறது.

நான் போவது இன்டோர் ரேஞ்ச். ஹோல்ஸ்டரிலிருந்து (இடுப்பு உறை) எடுக்கக் கூடாது, வினாடிக்கு ஒரு குண்டுக்கு மேல் சுடக் கூடாது என்று விதி. சனிக்கிழமை ஒரு மணி நேரம், ஒரு பெட்டி குண்டு, என்னால் முடிவது அவ்வளவுதான். இதற்குள் குறியும் வேகமும் எப்படிக் கொண்டுவருவது?

இன்னொன்று. டாலஸில் இருக்கும் கொழுந்தனார் அடுத்த மாதம் வரும்போது தானும் ரேஞ்சுக்கு வந்து சுட்டுப் பார்க்கிறேன் என்கிறார். வாடகைத் துப்பாக்கி எடுக்க ஏதாவது காகிதம் வேண்டுமா? அவர் ஹெச்1பி.

---

சோளக்கொல்லை (சான் அன்டோனியோ):

கீழே இடது என்றால் பெரும்பாலும் உதைப்புக்குப் பயந்து முன்கூட்டியே துப்பாக்கியை அமுக்குகிறீர்கள். 9 மிமீ டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) ஒரு பாக்கெட் வாங்குங்கள். நிஜத் தோட்டாவோடு கலந்து, எது எங்கே இருக்கிறது என்று தெரியாதபடி மேகசினில் போடுங்கள். டம்மி வரும்போது 'கிளிக்' என்று மட்டும் கேட்கும், குழல் முனை தரையைப் பார்த்துத் தலையாட்டும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வியாதி போய்விடும்.

சைட்டைத் திருகி வலது பக்கம் நகர்த்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துப்பாக்கிமேல் தப்பில்லை.

---

வெயிலூரான் (ஃபீனிக்ஸ், அரிசோனா):

அக்கா, நான் வேலூரில் பிறந்து ஃபீனிக்ஸில் வேகிறவன். மேசாவில் ரியோ சலாடோ கிளப்பில் யுஎஸ்பிஎஸ்ஏ போட்டிகளில் (குறியோடு நேரத்தையும் கணக்கிடும் துப்பாக்கிப் போட்டி) சுடுவேன். சில நாள் டைமரை (பீப் அடித்துத் தொடங்கி, குண்டுக்குக் குண்டு நேரம் காட்டும் கருவி) கையில் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் நிற்பதும் உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்டிசி மதிப்பெண்ணை நம்பாதது சரிதான். அந்தத் தேர்வு 50 குண்டு. 3 யார்டில் 20, 7 யார்டில் 20, 15 யார்டில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 வந்தால் தேர்ச்சி. டார்கெட்டோ ஆள் உயரப் பெரிய நிழலுருவம். பாதுகாப்பாகக் கையாளத் தெரிகிறதா என்று பார்க்க அது போதும், வேறெதற்கும் போதாது.

வேகத்துக்கு வருகிறேன். புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் டைமரில் முதலில் பார்ப்பது ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான். கால் வினாடி வந்துவிட்டால் ஒரே குஷி. அதே ஆளுக்குப் பீப் சத்தத்திலிருந்து முதல் குண்டு போக மூன்று வினாடி ஆகியிருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு வினாடியைக் குறைக்க மாதக் கணக்கில் குண்டு செலவாகும். முதல் குண்டில் ஒரு முழு வினாடியை வீட்டில் காசு செலவில்லாமல் குறைக்கலாம். ஆகவே உங்கள் ரேஞ்சின் 'வினாடிக்கு ஒன்று' விதியை ஒரு தடையாகவே நினைக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய வேகத்தை அது தடுக்கவில்லை.

அதிலும் நீங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போகிறவர் இல்லை, வீட்டுக்காகத்தான் வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கடிகாரம் படுக்கையில் கண் விழிப்பதில் ஆரம்பிக்கிறது. இருட்டில் பெட்டகத்தைத் திறப்பது, எடுப்பது, டார்ச், போன், மகளைப் பின்னால் கொண்டுவருவது. இதில் எது எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்திருக்கிறீர்களா? துப்பாக்கி இல்லாமலே, வெறுங்கையோடு, ஒரு ராத்திரி நடந்து பாருங்கள். மகள் அறை உங்கள் அறைக்குப் பக்கத்திலா, கூடத்தின் அந்தக் கோடியிலா? அந்தக் கோடி என்றால் நீங்கள் குறி வைக்கும் திசையிலேயே மகள் இருக்கிறாள். இங்கே வீட்டு உள்சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைதான். 9 மிமீ குண்டு அப்படிப்பட்ட பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். எந்தக் கோணத்தில் சுடவே கூடாது என்பதை வீட்டு வரைபடத்தில் முதலில் குறித்துவிடுங்கள், குறி பழகுவது அப்புறம்.

எல்லோரும் ஏன் 7 யார்டு என்கிறார்கள் தெரியுமா? சால்ட் லேக் சிட்டி போலீசில் இருந்த டென்னிஸ் ட்யூலர் 1983இல் எழுதிய கணக்குக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுகிறான். 21 அடி என்பது 7 யார்டு. அது ஹோல்ஸ்டரிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் போலீஸ்காரரைப் பற்றிய கணக்கு. பூட்டிய படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் 911இல் பேசிக்கொண்டிருப்பவருக்கு நிறைய நேரம் இருக்கிறது. அந்தக் கதவு உங்களுக்குத் தருகிற நேரத்தை எந்த டிரில்லும் தராது.

இனி பழக்கம். வீட்டில் டிரை ஃபயர், அதாவது குண்டில்லாமல் ட்ரிக்கர் இழுத்துப் பழகுவது, தினம் பத்து நிமிடம் போதும். அந்த அறையில் ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது, மேகசினில் இருப்பதும் சேர்த்து. சேம்பரை (குழலின் பின்னால் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத பக்கம், குண்டு துளைக்காத ஏதாவது ஒன்றைப் பின்னணியாக வைத்துக் குறி வையுங்கள். முடிந்ததும் 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுத்து வைத்துவிட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று திரும்ப எடுக்கும்போதுதான் டிவி உடைகிறது. கிளாக்கில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) கொஞ்சம் இழுத்தால்தான் ட்ரிக்கர் திரும்பும். எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

முதல் சில நாள் வேகமே வேண்டாம். முன் சைட் அசையாமல் ட்ரிக்கர் விழ வேண்டும், அவ்வளவுதான். கீழே இடது பிரச்சினைக்கு சோளக்கொல்லை சொன்ன டம்மி வைத்தியம் சரி. அதோடு பிடியையும் பாருங்கள். வலது கை முழுவதும் ட்ரிக்கர் விரலோடு சேர்ந்து இறுகுகிறது, அதனால்தான் குழல் திரும்புகிறது. இறுக்கிப் பிடிக்கும் வேலையை இடது கைக்குக் கொடுங்கள். வலது கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கட்டும், அந்தக் கையின் ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நகரட்டும்.

அது வந்த பிறகு போனில் ஷாட் டைமர் ஆப் ஒன்று போட்டு, 'பார் டைம்' (இரண்டு பீப்புக்கு நடுவே உள்ள நேரம்) வையுங்கள். துப்பாக்கி நாற்பத்தைந்து டிகிரி கீழே பார்த்தபடி இரு கையில், விரல் ட்ரிக்கருக்கு வெளியே. முதல் பீப்பில் உயர்த்த வேண்டும், இரண்டாவது பீப்புக்குள் ட்ரிக்கர் விழ வேண்டும். 2 வினாடியில் தொடங்கி, பத்துக்குப் பத்தும் சுத்தமாக வந்தால் 0.1 குறையுங்கள். கை மேலே வந்து நின்ற பிறகு சைட்டைத் தேடுவதில்தான் நேரம் போகிறது. கண் முதலில் இலக்கில் போய் உட்கார்ந்துவிட்டால் சைட் தானாகக் கண்ணுக்கு நேரே வந்துவிடும்.

ரேஞ்சில் அந்த 50 குண்டை எப்படிச் செலவழிப்பது? போனவுடன், கை சூடாகும் முன், 7 யார்டில் காகிதத் தட்டில் ஐந்து குண்டு. சாப்பாட்டுக்கு வாங்கும் ஒன்பது அங்குலத் தட்டுதான். அந்த ஐந்தை மட்டும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மீதி நாற்பத்தைந்தில் நீங்கள் எவ்வளவு அழகாகச் சுட்டாலும் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் திருடன் வார்ம்-அப் கொடுப்பதில்லை. அப்புறம் ஒரு இருபது டம்மி கலந்து, 5 யார்டில். இன்னொரு பதினைந்து, பீப் வைத்துக் கீழிருந்து உயர்த்தி ஒவ்வொரு குண்டாக. இன்டோரில் பக்கத்து லேன் சத்தத்தையும் டைமர் எண்ணிவிடும், அதனால் பார் பீப்பை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தை வலது கை மட்டும், இடது கை மட்டும் என்று பிரித்துச் சுடுங்கள். இன்னொரு கையில் போனோ டார்ச்சோ மகளோ இருக்கலாம். தட்டில் எல்லாம் விழ ஆரம்பித்தால் தட்டை எடுத்துவிட்டு 3x5 அங்குல அட்டை வையுங்கள், அல்லது நேரத்தைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் போட்டியில் புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். நடுவில் விழுந்தால் 5 புள்ளி, அதற்கு வெளியே 'சி' பகுதியில் விழுந்தால் 3. ஆறு குண்டும் நடுவில் போட்டு 5 வினாடி எடுத்தால் 30/5, அதாவது 6. நான்கு நடுவில், இரண்டு சி பகுதியில், ஆனால் 4 வினாடி என்றால் 26/4, அதாவது 6.5. கொஞ்சம் சிதறவிட்டு வேகமாகச் சுட்டவன் ஜெயித்துவிட்டான்! விளையாட்டில் இது நியாயம். உங்கள் வீட்டில் அந்த 'சி' குண்டு ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்குப் போகும். யூடியூபில் வேகம் கற்றுத் தருபவர்களில் பாதிப் பேர் இந்த வகுத்தல் கணக்கில் ஊறியவர்கள், நானும் அந்தக் கூட்டம்தான், ஆகவே எங்கள் பேச்சைக் கொஞ்சம் கழித்தே கேளுங்கள்.

---

ஊசிமிளகாய் (டாலஸ் பக்கம்):

மேலே எல்லோரும் ட்ரிக்கரிலேயே நின்றுவிட்டார்கள். கொழுந்தனாரை நிறுத்துங்கள் அக்கா! அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது. வாடகைக்கு எடுத்து ரேஞ்சில் சுடுவதும் அதில் அடக்கம். மாநிலம் கொடுக்கும் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. டெக்சஸில் அது ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகும், போன வருடத்தது செல்லாது. கவுன்ட்டரில் யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் சுட்டுவிட்டு, போட்டோவைப் பேஸ்புக்கில் போடுகிற நம் பையன்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஆயுத வழக்கு ஒன்று விழுந்தால் குடியேற்ற விஷயம் மொத்தமும் ஆடிப்போகும். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறவர் என்றால் வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

உங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. டெக்சஸில் குண்டு போட்ட துப்பாக்கியைப் பாதுகாப்பில்லாமல் வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்குக் கிடைத்துவிட்டால் வைத்தவர்மேல் குற்றம். தலையணை அடி, அலமாரி மேல்தட்டு எல்லாம் பாதுகாப்பு ஆகாது. பட்டன் அமுக்கித் திறக்கும் சின்னப் பெட்டகத்தைக் கட்டிலோடு போல்ட் போட்டு வையுங்கள். கைரேகைப் பெட்டகம் எனக்குப் பிடிக்காது, ஈரக்கையில் அடம் பிடிக்கும்.

ரேஞ்சிலிருந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கையைக் கழுவுங்கள், உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். ஈயத்தூள் ஒட்டியிருக்கும். கை கழுவாமல் பிள்ளைக்குச் சாதம் பிசைந்துவிடாதீர்கள்.

---

மழைக்காலம்:

எல்லோருக்கும் நன்றி. கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டேன், 'சும்மா சுட்டுப் பார்க்கவா இத்தனை சட்டம்' என்று முகம் சுண்டிவிட்டது. பரவாயில்லை.

டம்மி போட்டுப் பார்த்தேன். தலையாட்டல் நன்றாகவே தெரிந்தது. இடது கையை இறுக்கியதும் கூட்டம் நடுவை நோக்கிக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வீட்டு நடையை இன்னும் அளக்கவில்லை, மகள் அறை நீங்கள் பயந்த மாதிரியே அந்தக் கோடியில்தான். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: கண்ணாடிக்கு என்ன செய்வது? ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கருவி) போட்டால் சரியாகுமா?

---

வெயிலூரான்:

ஆகும். சாதா சைட்டில் கண் முன் சைட்டில் நிற்க வேண்டும், ரெட் டாட்டில் கண் இலக்கிலேயே நிற்கலாம், புள்ளி அதன்மேல் மிதக்கும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அது பெரிய வரம். உங்கள் 19 எம்ஓஎஸ் மாடல் (ரெட் டாட் மாட்டுவதற்கென்றே ஸ்லைடு வெட்டிவைத்தது) என்றால் நடுவில் ஒரு தகடு வைத்து மாட்டிவிடலாம், இல்லையென்றால் ஸ்லைடைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும், செலவு. ஆரம்பத்தில் புள்ளி எங்கே என்று ரெட் டாட்டின் கண்ணாடிக்குள் தேட வேண்டியிருக்கும், அதைத்தான் டிரை ஃபயரில் சரிசெய்ய வேண்டும். பாட்டரியை வருடா வருடம் ஒரே தேதியில் மாற்றிவிடுங்கள்.

ஆனால் நடுராத்திரி எழுந்தால் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடியில்லாமல் உங்கள் கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கும் ஆளை அடையாளம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் பழைய கண்ணாடி ஒன்றைப் பெட்டகத்துக்குள்ளேயே, டார்ச் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மகள் அறை அந்தக் கோடியில் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. சத்தம் கேட்டால் அவள் உங்களிடம் ஓடி வர வேண்டுமா, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டுமா என்று இருவரும் பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் அவருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். முன்னறிவிப்பில்லாமல் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வருகிற பழக்கம் அவருக்கு இருந்தால் இனி போன் செய்துவிட்டு வரட்டும்.