சைட்கிக் இலவசப் பதிப்பில் வேலைகள் காணாமல் போகின்றன, புரோ வாங்கித்தான் ஆகவேண்டுமா?

மோர்க்குழம்பு:
வணக்கம். ரெயில்ஸ் செயலியில் பில்லை பிடிஎஃப் ஆக்கி மெயில் அனுப்பும் வேலையை, பின்னணியில் வேலைகளை ஓட்டும் சைட்கிக்கிடம் விட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் 15, 20 விநாடி ஓடும். சில பில்கள் போய்ச் சேருவதே இல்லை. ரீட்ரை (மறுமுயற்சி) பட்டியலிலும் இல்லை, முயன்று கைவிட்டவை இருக்கும் டெட் பட்டியலிலும் இல்லை, லாகில் ஒரு வரி கிடையாது. தவறினால் தானாக 25 முறை முயலும் என்றல்லவா நம்பியிருந்தேன்? காசு கட்டும் புரோ பதிப்பை வாங்கினால் சரியாகும் என்கிறார் கூட வேலை செய்பவர். மேலாளரிடம் காசு கேட்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிணற்றடி:
அந்த 25 முறை, வேலைக்குள் எக்செப்ஷன் (நிரல் பிழை) எழுந்தால் மட்டும்தான். சைட்கிக் ப்ராசஸே செத்துவிட்டால் அதை யார் பிடிப்பது? இலவசப் பதிப்பில் வேலையை எடுத்த கணமே வேலைகள் காத்திருக்கும் ரெடிஸ் தரவுத்தள வரிசையிலிருந்து அது போய்விடும். புரோவில் உள்ள சூப்பர் ஃபெட்ச் என்ற வசதி அதை ரெடிஸுக்குள்ளேயே தனி வரிசைக்கு நகர்த்தி, முடிந்த பிறகுதான் அழிக்கும். இது பக் இல்லை, ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். எப்போது தொலைகின்றன? டிப்ளாய் (புதிய நிரலை ஏற்றும்) நேரத்திலா?

மோர்க்குழம்பு:
இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். 6-ல் 5 டிப்ளாய் நேரம். செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரில் ஓடுகிறது.

கிணற்றடி:
அப்படியானால் காசைக் கையில் வையுங்கள். நிறுத்தச் சொன்னால் சைட்கிக் 25 விநாடி பொறுத்து, முடியாத வேலையை ரெடிஸுக்கே திருப்பித் தள்ளிவிடும். இலவசத்திலும் இது உண்டு. டாக்கரோ 10 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் ப்ராசஸை ஒரே போடு. டாக்கர் கம்போஸ் அமைப்புக் கோப்பில் ஸ்டாப் கிரேஸ் பீரியடை (கொல்லும் முன் பொறுக்கும் நேரத்தை) 30 விநாடி ஆக்குங்கள். திரும்பத் தள்ளிய வேலை முதலிலிருந்து ஓடும், ஒரே பில் இரண்டு தடவை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையசோறு:
அந்த ஆறாவது? மெமரி தீர்ந்து கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) கொன்றிருக்கலாம், அதன் லாகைக் காட்டும் டிமெசேஜைப் பாருங்கள். அதற்குத்தான் சூப்பர் ஃபெட்ச் உண்மையில் தேவை. காசு தராமல் வேண்டுமென்றால் கிட்லேப்காரர்கள் எழுதிய ஃபெட்சர் ஜெம் (ரூபி நூலகம்) இருக்கிறது. நாங்கள் புரோ வாங்கியது பல வேலைகளை ஒரே தொகுதியாகக் கவனிக்கும் பேட்ச் வசதிக்காக, வருத்தமில்லை. க்ரான் மாதிரி குறித்த நேரங்களில் ஓட்டுவது அதற்கும் மேலான எண்டர்பிரைஸ் பதிப்பில்தான், ஆனால் சைட்கிக்-க்ரான் ஜெம் போதும்.

மோர்க்குழம்பு:
30 விநாடி வைத்தும் நேற்று ஒன்று தொலைந்தது.

கிணற்றடி:
சைட்கிக்கை ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத் தொடங்குகிறீர்களா? அதில் சைட்கிக் கட்டளையின் முன் எக்ஸெக் போடாவிட்டால், நிறுத்தச் சொல்லும் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடும்.

மோர்க்குழம்பு:
அதேதான்! எக்ஸெக் சேர்த்த பின் 4 டிப்ளாய், ஒன்றும் தொலையவில்லை. ஆறாவது மெமரிதான், டிமெசேஜில் இருக்கிறது. பிடிஎஃப் ஜெம்மை மாற்றிப் பார்க்கிறேன், அதுவும் நடக்காவிட்டால்தான் மேலாளரிடம் வாயைத் திறப்பேன்.