காலம் குறிக்காத ஈய வில்லைகளை இனங்காண்பது எவ்வாறு?

கேள்வி (கொக்குவிலிலிருந்து)

வணக்கம். யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட சேது நாணயங்களையும் ஒல்லாந்தர் காலத்துத் துட்டுகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். இங்கிலாந்தில் வசிக்கும் என் மாமா, அங்கு ஒரு பழம்பொருட் சந்தையில் வாங்கிய மூன்று ஈய வில்லைகளை அண்மையில் கொண்டுவந்து தந்தார். ஒன்றில் ஆறிதழ்ப் பூ மட்டும் உண்டு, பின்புறம் வெறுமை. இரண்டாவதில் இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ளன, அவற்றில் ‘என்’ (N) இடவலம் மாறியிருக்கிறது. மூன்றாவது, சிறு பட்டியால் இணைந்த இரண்டு வட்டங்கள். நந்தியின் கீழ் ‘சேது’ என்று வாசித்துப் பழகிய எனக்கு இவற்றின் காலத்தை எப்படி அறிவதென்று விளங்கவில்லை. வெண்மையான தூளும் படிந்துள்ளது.

மறுமொழி (நல்லூரிலிருந்து)

மூன்றாவது வில்லை பணத்துக்குப் பதிலாக வழங்கியதன்று. துணியின் தரத்தையும் வரியையும் உறுதிப்படுத்த அதன் ஓரத்தில் அழுத்திப் பூட்டிய முத்திரை என்றே கருதுகிறேன். ஒரு வட்டத்தில் துளையோ முளையோ தெரிகிறதா என்று பாருங்கள்.

மற்ற இரண்டும் சில்லறைத் தட்டுப்பாட்டின் பிள்ளைகள். இங்கிலாந்தில் அரச அனுமதியுடன் பார்திங் எனும் கால்பென்னிச் செப்புக் காசு வெளிவந்ததே 1613இல்தான். அரசு தானே அரைப்பென்னியையும் பார்திங்கையும் செப்பில் முறையாக வெளியிட்டது 1672இல், இரண்டாம் சார்ள்சு காலத்தில். அதற்கு முன்னரும், சில இடங்களில் அதற்குப் பின்னரும், கடைக்காரரும் பண்ணையாரும் தங்களுக்குள் செல்லுபடியாகும் வில்லைகளைத் தாமே வார்த்துக்கொண்டனர். இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் ஹொப் (பியர் வடிக்கப் பயன்படும் கொடியின் பூ) பறித்த கூலியாட்களின் கணக்குக்கும் இவை வழங்கின. ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகுவதால் அடுப்பும் கல் அச்சும் போதுமாயிருந்தன. அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும் என்பதை வெட்டியவர் மறந்ததால்தான் உங்கள் ‘என்’ திரும்பி நிற்கிறது. அந்தத் தவறு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனெனில் அதில் ஒரு மனிதரின் கை தெரிகிறது.

ஆறிதழ்ப் பூ கவராயத்தால் எளிதில் வரையக்கூடியது என்பதால் நூற்றாண்டுகள் தோறும் திரும்பத் திரும்ப வந்தது. அதை மட்டும் கொண்டு காலம் சொல்ல முடியாது. முதலெழுத்துகளும் கண்டெடுத்த ஊரும் சேர்ந்தால்தான் உரியவரைத் தேடலாம். சந்தையில் விற்றவரிடம் எந்த வயல், எந்த ஊர் என்று மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி வில்லையைவிடப் பெறுமதியானது.

மறுமொழி (பருத்தித்துறையிலிருந்து)

தூளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செப்புக் காசுக்குச் செய்வதுபோல் புளியோ தேசிக்காயோ தொடவே வேண்டாம். அமிலம் ஈயத்தைத் தின்றுவிடும். மரப்பெட்டியும் காகித அட்டையும் விடும் அமில ஆவியே அந்த வெண்மைக்குப் பெரும்பாலும் காரணம். பொலித்தீன் உறையில் தனித்தனியாக இட்டு வையுங்கள். தூள் நஞ்சு, தொட்ட கையைக் கழுவாமல் உணவருந்தாதீர்கள், பிள்ளைகளுக்கு எட்டாமலும் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பட்டி வட்டத்தில் துளை உண்டு. வில்லைகள் இருந்ததோ மாமா தந்த மரப்பெட்டியில், இன்றே மாற்றிவிட்டேன். ஊரின் பெயரைக் கேட்டு இன்றிரவே அவருக்கு எழுதுகிறேன்.